அறுபதில் வரும் நடுக்கம்

திங்கள் முதல் புதன் வரை வண்டி அவனுடையது.
வியாழன் முதல் சனி வரை என்னுடையது.
ஜுக்டிடி நீதிமன்றத்தில் அப்படித்தான் எழுதிக் கொடுத்தார்கள்.
ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி
யாரும் எதுவும் எழுதவில்லை.

நிவா. எண்பத்தொன்பதாம் வருடத்து வண்டி.
இரண்டு கதவு, மூன்று நெம்புகோல்,
பனியும் வெயிலும் தின்ற பச்சை.

இந்த வியாழன் சாவியோடு ஒரு துண்டுச்சீட்டு:
டிரான்ஸ்ஃபர் பெட்டி போச்சு.
குத்தாயிசியில் ஒருவன் கேட்கிறான், விற்றுவிடலாம்.
முர்தாஸ்.

போச்சாம்.
பத்து வருடம் அந்த வாயால்
எத்தனை போச்சு கேட்டிருக்கிறேன்.
கரண்ட் போச்சு, கன்றுக்குட்டி போச்சு,
கோபமெல்லாம் போச்சு வா சாப்பிடலாம்.
எது போனது எது போகவில்லை என்று
எழுந்து போய்ப் பார்த்தது நான்தான்.

ஏறி உட்கார்ந்ததும் கண்டது:
நடுப்பூட்டு நெம்புகோல் பூட்டியபடியே.
ஜுக்டிடி வரைக்கும் காய்ந்த தார்ச்சாலை,
போகவர இருநூற்றெழுபது கிலோமீட்டர்.
முன்சக்கரமும் பின்சக்கரமும்
ஒரே வேகத்தில்தான் சுற்றவேண்டுமென்று பூட்டிவிட்டு
வளைவில் திருப்பினால்
ஏதாவது ஒன்று தேய்ந்துதானே தீரும்.
(நீதிபதியிடமும் இதைத்தான் சொன்னேன்,
வேறு வார்த்தைகளில்.)

மெஸ்தியா போகும் வழியில்
கான்கிரீட் போட்ட ஒரு நேர்த்துண்டு உண்டு.
நாற்பதில் ஒன்றுமில்லை.
ஐம்பதில் கண்ணாடி லேசாகச் சிணுங்கியது.
அறுபதில்
இருக்கை, ஸ்டியரிங், என் தாடை,
விருந்தாளிகளுக்கு வாங்கிய முப்பது முட்டை
எல்லாம் ஒரே குரலில்.

கிளட்சை மிதித்து கியரை நியூட்ரலுக்குத் தள்ளினேன்.
எஞ்சின் அடங்கியது, நடுக்கம் அடங்கவில்லை.
சரி, எஞ்சின் மேல் பழியில்லை.
மறுபடி அறுபது.
இப்போது டிரான்ஸ்ஃபர் நெம்புகோலையும் நடுவில் நிறுத்தினேன்.

சட்டென்று அமைதி.
கீழே இங்குரி ஓடுவது கேட்டது.

நான்கு சக்கரமும் சுற்றிக்கொண்டுதான் இருந்தன,
முன்னும் பின்னும் போகிற சாஃப்ட்டுகளும்.
அப்படியானால் அவையும் இல்லை.
மிஞ்சியது
கியர் பெட்டியிலிருந்து வரும் குட்டி சாஃப்ட்,
அது போய்ச் சேரும் பெட்டி.

வெள்ளி சாயங்காலம் ஆயிலை வடித்தேன்.
பழைய ரேடியோ ஸ்பீக்கரின் காந்தத்தை
முக்கி எடுத்தேன்.
பூனைமுடி மாதிரி மெல்லிய சாம்பல்.
நகத்தால் வழித்து விளக்கில் பார்த்தேன்,
பல் துண்டு ஒன்றுகூட இல்லை.

சனிக்கிழமை அடியில் படுத்தபோதுதான் தெரிந்தது:
இடப்பக்கத்து ரப்பர் தாங்கி கிழிந்து
பெட்டி இறங்கி நிற்கிறது,
ஒரு தீக்குச்சியின் கனம்.
அவ்வளவுதான்.

புது ரப்பர் சிச்சிகோ கடையில் கிடைத்தது,
கோழித்தீவனத்துக்கும் தக்காளிக்கும் நடுவில்.
ஆனால் பெட்டியை நேராக்க இரண்டு ஆள் வேண்டும்,
ஒருவர் மேலே, ஒருவர் கீழே.
தொலைபேசியை எடுத்தேன்,
வைத்தேன்,
எடுத்தேன்.

ஞாயிறு காலை வந்தான்,
கையில் சூடாக ஒரு குப்தாரி.
பைன் கட்டைகளின் மேல்
நான்கு சக்கரமும் அந்தரத்தில்.
நாலாம் கியர், அறுபது வை என்றேன்.
வைத்தான்.
எங்கும் போகாமல் அறுபதில் போனோம்.

பதிமூன்றாம் நம்பர் ஸ்பேனரால் நட்டுகளைத் தளர்த்தினேன்.
பெட்டி உதறியது, ஊர்ந்தது,
உறக்கத்தில் புரண்டு படுப்பதுபோல்
தன் இடத்தைத் தானே தேடியது.
கத்தினால் அவனுக்குக் கேட்காது.
தரைத்தகட்டில் இரண்டு முறை தட்டினேன்.
அப்படியே பிடித்துக்கொண்டான்.
சொல்லித் தரவில்லை, எப்படியோ புரிந்தது.
இறுக்கினேன்.

பெட்டி போகலையா?
பெட்டி நல்லாத்தான் இருக்கு. நின்ற இடம் தப்பு.
ம், என்றான்.
குத்தாயிசிக்காரனைப் பற்றி
அவனும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.
குப்தாரியை ஆளுக்குப் பாதி தின்றோம்,
உப்பு கூடுதல்.

நாளை திங்கள்.
சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.
பூட்டு நெம்புகோலில் ஒரு சிவப்பு ஒயரை
முடிச்சுப் போட்டு விட்டிருக்கிறேன்.
அவிழ்த்துக் கட்டினால் தெரியும்,
என் முடிச்சு அவனுக்கு வராது.